பேர் விழுந்தவர்கள்

மலையகமும் போர்களும்: பகுதி 11

தென்னாபிரிக்காவில் பிரித்தானியப் படையிடம் பிடிபட்ட போயர் வீரர்களை ஏற்றிக்கொண்டு கோச்சி நாவலப்பிட்டி தாண்டி மலை ஏறியதோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தேன். 1900 ஆகஸ்டில் முதல் தொகுதிக் கைதிகள் கொழும்புத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். அதன்பின் கைதிகளை ஏற்றிய வண்டிகள் ஹட்டன் ஸ்டேஷனைக் கடந்து போய்க்கொண்டிருந்தன. ஹட்டனுக்கு ரயில் வந்து அப்போது பதினாறு வருஷம்தான் ஆகியிருந்தது. சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டி, கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா, பட்டிப்பொல உச்சி என்று ஏறி மறுபக்கம் இறங்கினால் ஹப்புத்தளை. அதற்கு அடுத்து தியத்தலாவை. முகாம் அங்கேதான்.

அந்த முகாமுக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு நம் காலத்துப் போருக்கு வருகிறேன். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவையில் நடந்ததைத் தனியாக எடுத்துச் சொல்லிவிடலாம். ஆனால் அதே மலைத்தொடரில், சில மைல் தூரத்தில், அதற்கு நூறு வருஷம் முந்தி ஆயிரக்கணக்கான போர்க்கைதிகள் பத்திரமாக இருந்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் பிந்துனுவெவையில் எது இல்லாமல் போயிற்று என்பது கண்ணில் படும்.

இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட போயர்கள் ஏறத்தாழ 5,000 பேர். பெரும்பாலானவர்கள் தியத்தலாவையில் இருந்தார்கள். ராகம, கல்கிசை, உருகஸ்மன்ஹந்திய, அம்பாந்தோட்டை ஆகிய இடங்களிலும் சிறு முகாம்கள் இருந்தன. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் திருச்சியிலும் நீலகிரியின் கேத்தியிலும் இருந்தார்கள். தியத்தலாவையில் தகரக் கொட்டகைகள் வரிசையாக எழுந்தன. சுற்றிலும் முள்கம்பி. உள்ளே கைதிகள் தங்களுக்கென்று ஒரு ஊரையே நடத்தினார்கள். ஒரு பகுதிக்கு க்ரூகர்ஸ்டோர்ப் என்றும் இன்னொன்றுக்கு ஸ்டெயின்ஸ்பர்க் என்றும் பெயர் வைத்தார்கள். இரண்டும் அவர்களுடைய இரு குடியரசுத் தலைவர்களின் பெயர்களிலிருந்து வந்தவை. பாதிரியாராக இருந்து தளபதியான பவுல் ரூ அங்கே பிரசங்கம் செய்தார். பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் வகுப்புகள் நடந்தன. ‘டி ஸ்ட்ரேவர்’ என்ற பத்திரிகை அச்சில் வந்தது. முள்கம்பியையே பெயராகக் கொண்ட ‘டி ப்ரிக்கல்டிராட்’ என்ற பத்திரிகை கையெழுத்தில் சுற்றியது. மரத்தில் செதுக்கிய பெட்டிகளையும் கைத்தடிகளையும் விற்றுக் காசு சேர்த்தவர்கள் உண்டு. 1901 ஜூலையில் ஒரு போயர் அணியைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் கோல்ட்ஸ் அணியோடு கிரிக்கெட் ஆடவிட்டார்கள்.

ஊருக்குக் கடிதம் எழுதலாம். தணிக்கை அதிகாரி வாசித்துவிட்டு அனுப்புவார். நெருப்புக்காய்ச்சல் பரவிப் பலர் செத்தார்கள். செத்தவர்களுக்கு தியத்தலாவையில் கல்லறை உண்டு, நினைவுத்தூண் உண்டு, அதில் பெயர்களும் உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் நின்ற கைதிக் கப்பலிலிருந்து 1901 ஜனவரியில் ஐந்து பேர் இரவில் கடலில் குதித்து, அருகே நின்ற ரஷ்யக் கப்பலுக்கு நீந்திப்போய்த் தப்பினார்கள். அந்த ஐந்து பேரின் பெயர்களும் இன்றுவரை தெரியும். போர் முடிந்தபின் பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்து இங்கேயே தங்கிவிட்ட ஹென்றி எங்கல்பிரெக்ட், பிற்பாடு யாலவின் முதல் வனவிலங்குக் காப்பாளராகி 1922இல் அம்பாந்தோட்டையில் இறந்தார். பிடிபட்ட நாளிலிருந்து விடுதலையாகும் நாள் வரைக்கும், இறந்திருந்தால் கல்லறை வரைக்கும், ஒரு போயர் கைதி எங்கே இருந்தான் என்பது ஏதாவது ஒரு பேரேட்டில் எழுதப்பட்டிருந்தது.

இதை ஆங்கிலேயரின் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே வருஷங்களில் தென்னாபிரிக்காவில் போயர் குடும்பங்களின் வீடுகளை எரித்து, பெண்களையும் பிள்ளைகளையும் முகாம்களில் அடைத்தவர்களும் அவர்களேதான். அந்த முகாம்களில் 26,000க்கு மேற்பட்டவர்கள் நோயாலும் பசியாலும் மாண்டார்கள். கறுப்பின மக்களுக்கென்று தனி முகாம்கள் இருந்தன. அங்கே இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களில் பலருடைய பெயரைக்கூட யாரும் குறித்துவைக்கவில்லை. 1899இல் ஹேக் நகரில் போர்க்கைதிகளை நடத்தும் விதிகள் எழுதப்பட்டபோது போயர் குடியரசுகள் அந்த மாநாட்டுக்கு அழைக்கப்படவே இல்லை. ஆகவே தியத்தலாவைக் கைதியைச் சட்டப்புத்தகம் மட்டும் காப்பாற்றியது என்றும் சொல்ல முடியாது. ஐரோப்பா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெர்மனியிலும் ஹொலண்டிலும் பிரான்சிலும் பத்திரிகைகள் போயர்களின் பக்கம் எழுதின. ஒரு கைதிக்கு ஏதாவது ஆனால் கேட்பதற்கு ஆள் இருந்தது. பதில் சொல்லவேண்டிய நிலையில் கொழும்பு அரசாங்கம் இருந்தது.

அந்தக் கைதிகளின் ரயில் கடந்துபோன தோட்டங்களில் நம் ஆட்கள் எப்படி இருந்தார்கள்? 1865ஆம் வருஷத்து வேலை ஒப்பந்தச் சட்டப்படி, அறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனவனைப் பிடித்துச் சிறையில் போடலாம். இந்தியாவிலிருந்து வரும் ஆளுக்குத் தகர டிக்கெட் கொடுக்கும் முறை வந்ததும் இதே காலத்தில்தான். தோட்டத்தின் அடையாளமும் ஆளின் இலக்கமும் பொறித்த ஒரு வட்டத் தகடு. அதைக் காட்டினால் வழியெல்லாம் சோறும் பயணமும் கிடைக்கும். செலவுக் கணக்கு தோட்டத்துக்குப் போகும், அங்கிருந்து அவன் கடனில் ஏறும். தோட்டத்துக்கு வந்தபின் செக்ரோல். பிரட்டுக்களத்தில் பேர் விழுந்தால் சம்பளம், விழாவிட்டால் இல்லை, பாதி நாள் வேலைக்கு அரைப்பேர். நம் ஜனங்களின் பெயரும் எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேரேட்டைப் பார்த்துக் கேள்வி கேட்க உலகத்தில் எந்தப் பத்திரிகையும் காத்திருக்கவில்லை.

இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு நம் போருக்கு வாருங்கள்.

இரண்டு நாடுகள் சண்டையிட்டால் பிடிபட்ட சிப்பாய் போர்க்கைதி. 1949ஆம் வருஷத்து மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை அவனுடைய உணவு, கடிதம், மருத்துவம், விடுதலை எல்லாவற்றையும் விரிவாகச் சொல்கிறது. ஒரே நாட்டுக்குள் நடக்கும் சண்டைக்கு அந்த உடன்படிக்கைகளில் பொதுவாக உள்ள மூன்றாம் உறுப்புரை ஒன்றுதான் உண்டு. கையில் அகப்பட்டவரைக் கொல்லாதே, சித்திரவதை செய்யாதே, முறையான நீதிமன்றம் இல்லாமல் தண்டிக்காதே என்கிற அளவுக்கு அது பேசுகிறது. போர்க்கைதி என்ற அந்தஸ்தை அது யாருக்கும் தருவதில்லை. உள்நாட்டுப் போர்களுக்கான 1977ஆம் வருஷத்து இரண்டாவது கூடுதல் நெறிமுறையில் இலங்கை சேரவில்லை. கொழும்பின் கணக்கில் வடக்கில் நடந்தது போரே அல்ல, பயங்கரவாதம். பிடிபட்ட புலி பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வரும் சந்தேகநபர்.

புலிகளுக்கோ தாங்கள் பிடித்த சிப்பாயைப் போர்க்கைதி என்று சொல்லவேண்டிய தேவை இருந்தது. போர்க்கைதியை வைத்திருப்பது ஒரு அரசு செய்யும் வேலை. அவர்களிடம் அகப்பட்ட எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைத்தது என்று நினைத்துவிடாதீர்கள். 1990 ஜூன் 11ஆம் தேதி கிழக்கில் மேலிடத்து உத்தரவுப்படி ஆயுதத்தைக் கீழே வைத்துச் சரணடைந்த பொலிஸ்காரர்களில் 600க்கு மேற்பட்டவர்களைப் புலிகள் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். சிங்களவர், முஸ்லிம்கள் என்று பிரித்து எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். சரணடைந்தவனைக் கொல்வது எந்த இலட்சியத்தின் பெயரால் நடந்தாலும் கொலைதான். இதை ஹட்டனில் இருந்து எழுதும் ஒரு தமிழன் சொல்லாமல் விட்டால், பிந்துனுவெவையைப் பற்றிப் பேச அவனுக்கு வாய் இருக்காது.

புலிகளின் பக்கம் இன்னொன்றும் இருந்தது. கழுத்தில் சயனைட் குப்பி. பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பழக்கப்பட்ட ஓர் அமைப்பு. 1987 ஒக்டோபரில் கடலில் பிடிபட்ட குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 17 பேரைக் கொழும்புக்குக் கொண்டுபோக முயன்றபோது, பலாலியில் வைத்து அவர்களில் 12 பேர் நஞ்சருந்தி இறந்தார்கள். அந்த நாட்டில் இருந்த சிறைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டு அப்போது நான்கு வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த 53 பேரில் மருத்துவர் இராஜசுந்தரமும் ஒருவர். 1977ஆம் வருஷக் கலவரத்தில் அடிபட்டு மலையை விட்டு இறங்கிய நம் குடும்பங்களை வவுனியாப் பக்கம் குடியேற்றிய காந்தீயம் அமைப்பை நடத்தியவர் அவர்.

இந்த நிலையில்தான் 1994 செப்டெம்பர் 19ஆம் தேதி இரவு மன்னார்க் கடலில் காவலில் இருந்த கடற்படைக் கப்பல் சாகரவர்தன கடற்புலிகளின் வெடிமருந்துப் படகுகளால் தாக்கப்பட்டு மூழ்கியது. கொழும்புக் கப்பல் கட்டும் தளத்தில் செய்யப்பட்ட கப்பல் அது. அதற்குத் தலைமை தாங்கியவர் கண்டியில் வளர்ந்த கமாண்டர் அஜித் போயகொட. கப்பலில் இருந்த பலர் காணாமற்போனார்கள். தண்ணீரில் கிடந்த போயகொடவையும் இன்னொரு கடற்படை வீரரையும் புலிகள் தங்கள் படகில் தூக்கிப்போட்டுக்கொண்டு கரைக்குப் போனார்கள்.

கொழும்பில் அப்போது சந்திரிகா பிரதமராகி ஒரு மாதம். சமாதானப் பேச்சுவார்த்தை வரப்போகிறது என்று நாடே எதிர்பார்த்திருந்த நேரம். இன்னும் சில மாதங்களில் வீட்டுக்குப் போய்விடலாம் என்று எந்தக் கைதியும் நம்பியிருக்கக்கூடிய நேரம். 1995 ஜனவரியில் போர்நிறுத்தம் வந்தது. ஏப்ரல் 19ஆம் தேதி திருகோணமலைத் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல்களைப் புலிகள் தகர்த்ததோடு அது போயிற்று. வருஷக் கடைசியில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்தது. புலிகள் வன்னிக்குப் பின்வாங்கியபோது கைதிகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். போயகொடவின் சிறை எட்டு வருஷம் நீண்டது. புலிகள் கையில் இருந்த கைதிகளில் அவரே மூத்த அதிகாரி.

பின்னாளில் அவர் தன் கதையைச் சுனிலா கலப்பத்தியிடம் சொல்லி, அது ‘எ லாங் வாட்ச்’ என்ற புத்தகமாக 2016இல் வந்தது. அதில் என்னை நிறுத்திய விஷயம் வீரமோ கொடுமையோ அல்ல; காலத்தைக் கழிப்பதைப் பற்றி அவர் சொல்வதுதான். காவலுக்கு நிற்கும் பையன்களோடு பழகவேண்டும். அடுத்த அறையில் இருக்கும் கைதியின் கோபத்தைத் தாங்கவேண்டும். தன் படையின் விமானம் மேலே பறந்தால், குண்டு தன் தலையிலும் விழலாம் என்று பயப்படவேண்டும். ஒரு கடற்படை அதிகாரி தான் சண்டையிட்ட போரை எதிர்ப்பக்கத்தில் தரையிலிருந்து பார்க்கிறார். அங்கிருந்தவர்களை மனிதர்களாகவே சொல்கிறார். தன்னை ஒழுங்காக நடத்தினார்கள் என்றும் சொல்கிறார்.

அவருக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்தது சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம். 1989இல் இலங்கைக்கு வந்த அந்தச் சங்கத்தின் ஆட்கள் இரண்டு பக்கத்துச் சிறைகளுக்கும் போனார்கள். கைதியைத் தனியாகப் பார்த்துப் பெயரையும் விபரத்தையும் பதிவார்கள். குடும்பத்துக்குக் கடிதம் எழுத ஒரு தாள் கொடுப்பார்கள். அது ஒட்டாத கடிதம். குடும்ப விஷயத்தைத் தவிர எதையும் எழுதக் கூடாது. யுத்தத்தைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் போகாது. பிடித்துவைத்திருப்பவர் வாசிக்கலாம், மறுபக்கத்து அரசும் வாசிக்கலாம். பிள்ளைகள் படிக்கிறார்களா, அம்மாவுக்கு உடம்பு எப்படி, நான் சுகம். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாள் ஒருவனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அவன் உயிரோடு இருப்பது மூன்று தரப்புக்குத் தெரிந்துவிடும். பிறகு அவனைச் சத்தமில்லாமல் இல்லாமலாக்குவது சுலபமல்ல.

அந்தத் தாள் வராத வீடுகள் எத்தனையோ இருந்தன. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி விழுந்தபோது நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் காணாமற்போனார்கள். அவர்களில் ஒருவர் கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன், இளம் அதிகாரி. செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாகப் புலிகள் திருப்பிக்கொடுத்த உடல்களில் அடையாளம் காணமுடியாதவை ஏராளம், ஏனென்றால் உயிரிழந்த பிள்ளை யாரென்று சொல்ல அவன் கழுத்தில் ஒன்றுமில்லை. விசாகா மற்றப் பெற்றோரைச் சேர்த்து, காணாமற்போன படைவீரர்களின் பெற்றோர் சங்கத்தை உண்டாக்கினார். புலிகளின் பகுதிக்குள் போய் அவர்களின் தலைவர்களைச் சந்தித்து, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். சிப்பாய்களுக்கு அடையாளத் தகடு கொடுக்கவேண்டும் என்று சொந்த அரசாங்கத்தோடு போராடினார். கூலிக்காரன் கடனைத் தப்பவிடக் கூடாது என்பதற்காக நூறு வருஷத்துக்கு முன்பே தகரத்தில் இலக்கம் அடித்துக் கொடுத்த நாடு இது. தனக்காகச் சாகப்போன சிங்களப் பிள்ளைக்கு ஒரு தகட்டைக் கொடுக்க, தாய்மார் வீதிக்கு வரவேண்டியிருந்தது. கண்டித் தாயின் அந்தக் கேள்வியும் வன்னித் தாயின் கேள்வியும் ஒன்றுதான் என்பதை விசாகா அப்போதே சொன்னார். அதற்காக அவரை நாம் நினைவில் வைத்திருக்கவேண்டும்.

இனி பிந்துனுவெவை.

பண்டாரவளைக்குப் பக்கத்தில் இருந்த அந்த இடத்துக்குப் புனர்வாழ்வு முகாம் என்று பெயர். சரணடைந்தவர்கள், பிடிபட்டவர்கள், சந்தேகத்தில் கொண்டுவரப்பட்டவர்கள் என 41 தமிழ் ஆண்கள் அங்கே இருந்தார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். யாருக்கும் எதிராக எந்த நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை. ஒரு தொழிலைக் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்பது ஏற்பாடு. அவர்களை வைத்திருந்தது அரசாங்கம். பெயர் எல்லாம் பேரேட்டில் இருந்தது.

2000 ஒக்டோபர் 10ஆம் தேதிதான் பொதுத்தேர்தல் முடிந்திருந்தது. விடுதலை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது என்று முகாமில் இருந்தவர்களுக்கு மனக்குறை. 24ஆம் தேதி மாலை அவர்கள் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார்கள். பொலிஸ் வானத்தை நோக்கிச் சுட்டது. இரவோடு இரவாக ஊரில் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. மறுநாள் காலை கத்தி, தடி, கோடரியோடு நூற்றுக்கணக்கில் ஆட்கள் திரண்டு வந்தார்கள். முகாமைச் சுற்றிக் காவலுக்கு நின்ற ஆயுதம் தாங்கிய பொலிஸார் ஏறத்தாழ 60 பேர். அவர்கள் கும்பலைத் தடுக்கவில்லை. உள்ளே இருந்தவர்கள் வெட்டப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். தப்பி வெளியே ஓடியவர்களைப் பொலிஸே சுட்டது. 27 பேர் கொல்லப்பட்டார்கள். 14 பேர் காயங்களோடு உயிர் பிழைத்தார்கள்.

நான் இதை எழுதும்போது திரும்பத் திரும்ப வந்து நிற்பது அந்த 60 என்ற எண்ணிக்கைதான். கொலைகாரர்களைவிடக் காவல்காரர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். 1900இல் தியத்தலாவை முள்கம்பிக்கு வெளியே நின்ற சிப்பாய்க்குக் கைதி தப்பக் கூடாது என்ற கட்டளையோடு, கைதிக்கு ஏதும் நடந்தால் தன் மேலதிகாரி பதில் சொல்லவேண்டும் என்பதும் தெரியும். பிந்துனுவெவையில் துப்பாக்கி வைத்திருந்தவனுக்கு, யாரும் தன்னைக் கேட்கமாட்டார்கள் என்பது தெரிந்திருந்தது. பெயர் எழுதியிருந்தும் அந்தப் பிள்ளைகளுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லாமல் போனது இதனால்தான்.

செய்தி தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தபோது மலையகம் கொதித்தது. தலவாக்கலை, ஹட்டன், நுவரெலியாப் பக்கங்களில் கடைகள் அடைக்கப்பட்டன, ஆட்கள் வீதிக்கு இறங்கினார்கள், மோதல்கள் வெடித்தன, ஊரடங்குச் சட்டம் வந்தது. வடக்கில் இருந்து வந்த பிள்ளைகளுக்காகத் தோட்டத்து ஜனம் ஏன் இப்படிக் கிளம்பியது என்று கொழும்பில் சிலர் ஆச்சரியப்பட்டார்கள். புலிகளின் ஏவல் என்றும் பேச்சு அடிபட்டது. எங்களுக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 1977இலும் 1983இலும் அடிபட்டுப் போனவர்களின் பிள்ளைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வளர்ந்தார்கள். இயக்கத்தில் சேர்ந்தவர்களிலும் சேர்க்கப்பட்டவர்களிலும் அவர்கள் இருந்தார்கள். லயத்தில் ஒரு தம்பி, வன்னியில் ஒரு அண்ணன் என்று பிரிந்துபோன குடும்பங்கள் எத்தனை! அதோடு, கொழும்புக்கு வேலைக்குப் போன தோட்டத்துப் பையனை அடையாள அட்டை இல்லை என்று பிடித்துக்கொண்டுபோவது அந்த வருஷங்களில் வாராந்தரச் சங்கதி. பண்டாரவளை எங்களுக்குத் தூரத்து ஊர் அல்ல. அங்கே பெண் கொடுத்தவர்கள், எடுத்தவர்கள் நாங்கள். அரசாங்கத்தின் காவலில் இருந்த தமிழ்ப் பிள்ளையை அங்கே பட்டப்பகலில் கொல்லலாம் என்றால், அடுத்த முறை அது யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான் தோட்டங்களில் கேட்கப்பட்ட கேள்வி.

விசாரணை நடந்தது. நீதியரசர் குலதிலக தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு வெளியிடப்படவில்லை. 41 பேர் மீது வழக்குத் தாக்கலானது; பொலிஸாரும் அதில் அடக்கம். 2003 ஜூலையில் கொழும்பில் மூன்று நீதிபதிகள் முன் நடந்த விசாரணையில் ஐந்து பேருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. அவர்களில் இருவர் பொலிஸ் அதிகாரிகள். 2005 மே மாதத்துக்குள் உச்சநீதிமன்றம் ஐந்து பேரையும் விடுவித்துவிட்டது. ஆக, அந்த 27 கொலைகளுக்காக இன்று யாரும் சிறையில் இல்லை.

இதற்கு நடுவில், 2002 பெப்ரவரியில் நோர்வேயின் முயற்சியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தானது. செப்டெம்பர் மத்தியில் தாய்லாந்தில் முதல் சுற்றுப் பேச்சு. அது முடிந்து பத்து நாளில், 28ஆம் தேதி, கைதிகள் கைமாறினார்கள். புலிகள் ஏழு பேரை விட்டார்கள், அரசாங்கம் பதின்மூன்று பேரை விட்டது. அந்த ஏழு பேரில் போயகொட இருந்தார். எட்டு வருஷம் கழித்து அவர் திரும்பி வந்த நாடு அவரை எப்படி வரவேற்றது என்பதையும் சொல்லவேண்டும். முதலில் மாலை மரியாதை. அப்புறம் சந்தேகம். உடம்பில் தழும்பு இல்லாமல் எப்படி வந்தார்? புலிகளைப் பற்றி நல்ல வார்த்தை சொல்கிறாரே, அவர்களோடு சேர்ந்துவிட்டாரா? கப்பல் எப்படி மூழ்கியது? சிறையில் தன்னை மனிதனாக நடத்தினார்கள் என்று உண்மை சொன்ன ஓர் அதிகாரி, தன் சொந்தப் படைக்குள்ளேயே அந்நியரானார். எதிரியும் மனிதன்தான் என்று சொல்ல ஒருவருக்கு இவ்வளவு விலை கொடுக்கவேண்டியிருந்த தெற்கில், பிந்துனுவெவையில் ஒரு கும்பலைத் திரட்டுவதற்கு ஓர் இரவும் சில சுவரொட்டிகளும் போதுமாக இருந்தன.

2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தடியில் தங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் கையால் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த குடும்பங்கள் உண்டு. அந்தக் கடைசி நாட்களில் அங்கே நின்று பெயரை எழுதிக்கொள்ளச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வழி இருக்கவில்லை. அவர்களின் கப்பல் காயக்காரர்களை ஏற்றிக்கொண்டு முள்ளிவாய்க்காலிலிருந்து கடைசியாகப் புறப்பட்டது மே 9ஆம் தேதி. ஒப்படைக்கப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் புனர்வாழ்வு முகாம்களுக்குப் போய்ப் பிற்பாடு வீடு வந்தார்கள். வராதவர்களின் குடும்பங்கள் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் படங்களோடு வீதியோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கின்றன. எங்களிடம் அப்படி யாரும் ஒப்படைக்கப்படவில்லை என்பதுதான் அவர்களுக்குச் சொல்லப்படும் பதில். வன்னியில் குடியேறிய மலையகக் குடும்பங்களும் அந்த வரிசையில் இருக்கின்றன.

அடுத்த பகுதியில், 1990களில் நம் தோட்டங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கொண்டுபோகப்பட்ட மலையக இளைஞர்களைப் பற்றி எழுதுகிறேன். கைது செய்ததற்கான துண்டு, சிறையிலிருந்து வந்த கடிதம், செஞ்சிலுவைச் சங்கத்தின் தாள், விடுதலைப் பத்திரம் என்று ஏதாவது உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் பிரதி ஒன்றைப் பத்திரிகை முகவரிக்கு அனுப்பிவையுங்கள். மூலத்தை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.